வாலில்லாத யானை

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் இப்போதெல்லாம் இஞ்சி டீ கேட்டால் ஏதோ பொடியைக் கலக்கிக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயரும் வைத்துவிடுகிறார்கள். இன்னொரு டம்ளர் கிடைக்குமா? காலையிலிருந்து எதைக் குடித்தாலும் இனிக்கிறது. ஆட்டோவில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கல்யாணமா சார் என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

நீங்கள் அத்திபெலே பக்கம், தமிழ் நன்றாக வரும் என்று வெளியே ரைட்டர் சொன்னார். நல்லதாகப் போயிற்று. எனக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. சண்டை போடுவேன், பேரம் பேசுவேன். சந்தோஷத்தைச் சொல்வதற்கு மட்டும் தமிழ்தான் வாகாக இருக்கிறது. போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது, மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் நிற்கும் என்று எங்கள் நாணயம் சேகரிப்போர் சங்கத்துச் செயலாளர் லாயிட் சொல்லுவான். அவன் வக்கீல். பரவாயில்லை, அங்கேயும் இதையே சொல்கிறேன். இங்கே ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கில்பர்ட். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தனலக்ஷ்மி இறந்துபோன வழக்கில் அவள் புருஷன் சந்திரசேகரனைக் குற்றவாளி என்றும் என்னைச் சாட்சி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அதற்காகத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. அரசாங்கம் ஏதாவது ஒரு நூற்றாண்டு, ஒரு விழா என்று வெள்ளியில் நாணயம் போடும். கடைத்தெருவில் புழங்குவதற்கு அல்ல, எங்களைப் போன்ற பைத்தியங்களுக்காக. முகத்தில் ஆயிரம் ரூபாய் என்று இருக்கும். அதை நீட்டிக் கொத்தமல்லிக் கட்டு கேட்டால் கடைக்காரம்மா உங்களை மேலும் கீழும் பார்ப்பாள். ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டில் வரும். பெட்டியைத் திறந்தால் வெல்வெட்டின் நடுவே, வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் காசு உட்கார்ந்திருக்கும். பின்புலம் முகம் பார்க்கும் கண்ணாடி. உருவம் மட்டும் பனி படிந்தது போல வெளுப்பாக இருக்கும். அதைத் தொடக் கூடாது. துணி, பஞ்சு எதுவும் படக் கூடாது. ஒரு தடவை தேய்த்தாலும் அந்தக் கண்ணாடியில் முடி முடியாகக் கீறல் விழும். அதற்கப்புறம் அது வெறும் வெள்ளித் துண்டுதான், உருக்கி மெட்டி செய்துகொள்ளலாம். எங்கள் சங்கத்தில் காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசவும் கூடாது, எச்சில் தெறிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மேஜையைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் எழவு வீடு என்றுதான் நினைப்பீர்கள். உள்ளுக்குள்ளே அவ்வளவு குதூகலம்.

சில வருஷங்களுக்கு முன்னால் யானை உருவம் போட்ட காசு ஒன்று வந்தது. அடிக்கும்போது அச்சில் என்ன அடைத்துக்கொண்டதோ, ஒன்றிரண்டில் வால் விழவில்லை. வாலில்லாத யானை. தும்பிக்கை இருக்கிறது, தந்தம் இருக்கிறது, அம்பாரிகூட இருக்கிறது. பின்னால் மொட்டை. சிரிப்பு வருகிறதல்லவா, எனக்கும் அப்படித்தான். முதலில் பார்த்த அன்று கடையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். அந்த மாதிரிக் காசு இதுவரை வெளியே தெரிந்து இரண்டே இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று சந்துருவிடம். சந்திரசேகரனை நாங்கள் சந்துரு என்றுதான் கூப்பிடுவோம்.

சந்துருவின் அப்பாவும் தாத்தாவும் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இவன் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் ஃபோர்மேன். தங்கத்தைத் தோண்டின வம்சம் கடைசியில் வெள்ளியைத் தபாலில் வாங்குகிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். நல்லவன். சங்கத்தில் எனக்கு இருந்த ஒரே நெருங்கின சிநேகிதன். கூட்டம் முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான்.

அவன் காசு மாசு மருவற்றது. என் காசில் யானையின் நெற்றிக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. பால்புள்ளி என்போம். வெள்ளிக் காசுக்கு அது தானாக வரும், யார் தப்பும் இல்லை, எடுக்கவும் முடியாது. போன வருஷம் சங்கத்தின் கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, இந்த யானைக்கு அம்மை போட்டிருக்கா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சந்துருவும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அதற்கப்புறம் சங்கத்தில் என் காசுக்கு அம்மை யானை என்றே பெயர் வந்துவிட்டது. பொறாமை என்று எழுதாதீர்கள் மேடம். பொறாமைக்காரன் அடுத்தவன் பொருளைக் கேட்பான். எனக்கு அவன் காசு வேண்டாம். அது இல்லாமல் இருந்தால் போதும்.

இப்போது தனத்தைப் பற்றி. தனத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனலக்ஷ்மியை நான் தங்கச்சி என்றுதான் நினைத்தேன். எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது இரண்டு பஸ் மாறி வந்து கஞ்சி கொடுத்தவள். என் மனைவி போய்ச் சேர்ந்த அன்று சொந்தக்காரர்களே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள்தான் கடைசி வரை இருந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போனாள். அண்ணா, அண்ணா என்பாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிப்போக வருவாள். பொங்கலுக்கு என்னைக் கூப்பிடாமல் பானை வைக்க மாட்டாள்.

சந்துரு அவளைக் கை நீட்டி அடித்தவன் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, பீரோவின் கீழ் அறையில் இருக்கும் பெட்டியை அவள் தொடக் கூடாது. சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தொட்டதில்லை. வாரக் கடைசியில் அவன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு காசுகளோடு உட்கார்ந்திருப்பான். இவள் ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். பையன் ஓசூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்.

“அந்தப் பொட்டிகிட்ட பேசுறதுல பாதி எங்கிட்ட பேசினா போதும்ணா.”

நானும் சிரித்தேன். ரசம் பிரமாதம். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தப் பேச்சு எனக்குள்ளே சட்டென்று பூத்தது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மனதுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

இந்த ஊரில் வரமகாலக்ஷ்மி ஹப்பா எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கலசத்துக்குப் புடவை கட்டி, நகை போட்டு, வீட்டில் இருக்கும் வெள்ளி, பணம் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி அம்மன் முன்னால் வைப்பார்கள். தனத்தின் அம்மா வீட்டில், தங்கவயலில் அந்தப் பழக்கம் இல்லை. இவள் பெங்களூர் வந்து பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களிடம் பிடித்துக்கொண்டது. எல்லோர் வீட்டிலும் தட்டு நிறைய வெள்ளிக் காசு இருக்கும். இவள் தட்டில் ஒரு குங்குமச் சிமிழும் இரண்டு கிண்ணமும்தான். வீட்டுக்குள்ளே பெட்டி நிறைய இருந்தும் அப்படி. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால், சந்துரு ஃபாக்டரியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்கிற சாக்கு. காப்பி கொடுத்தாள். அப்போது சொன்னேன்.

“சந்துருவுக்கே ஆசைதாம்மா, அந்த யானைக் காசை அம்மன்கிட்ட வைக்கணும்னு. இத்தனை வருஷம் தொடாதேன்னு சொல்லிட்டு இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கினு உங்கிட்ட கேப்பான்? நீயா வெச்சிட்டேன்னு வெய்யி, அன்னைக்குப் பாரு அவன.”

அவள் உடனே நம்பவில்லை. டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“நெஜமாவாண்ணா? அவுரா சொன்னாரு?”

அவன்தான் சொன்னான் என்றேன். உங்கிட்ட சொன்னதா அவனுக்குத் தெரிய வேண்டாம், வெட்கப்படுவான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா மேடம். பெண் பார்க்க வந்தவன் சரி என்று சொல்லி அனுப்பினால் ஒரு பெண்ணுக்கு வருமே, அந்தச் சிரிப்பு. ஐம்பது வயதுக்காரி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒருத்தியை இவ்வளவு சந்தோஷப்படுத்தியிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன். அது பொய் இல்லை, அந்த ஒரு வாரம் அவள் நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒன்றைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்க்கச் சொல்லி நான் சொல்லவில்லை. விபூதி என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. ஆனால் நான் இந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவன், நம் பெண்களின் கையை எனக்குத் தெரியும். பித்தளை என்றால் புளி, வெள்ளி என்றால் விபூதி. ஒரு வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் தேய்க்காமல் சாமி முன்னால் வைப்பவள் உண்டா? புத்தம் புதுசாகவே இருந்தாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கழுவினால்தான் அவர்களுக்கு மனசு கேட்கும். பக்தியாகத் தேய்ப்பார்கள். அவள் சும்மா வைத்திருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை, டப்பியோடு வைத்திருந்தால் சந்துரு கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எடுத்து உள்ளே வைத்திருப்பான். ஆகவே என் பங்கு ரொம்பச் சின்னது.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே ஃப்ரேமில் தள்ளுபடி கொடுத்தேன். சர்ச்சில் கோரஸ் பாடும்போது குரல் எகிறிவிட்டது, பக்கத்தில் நின்ற ஆண்டனி திரும்பிப் பார்த்தான். ராத்திரி படுத்தால் சிரிப்பு.

பண்டிகை அன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹோளிகே சாப்பிட வாங்கண்ணா என்று அவளே போன் பண்ணியிருந்தாள், நம் போளிதான். அரிசின குங்குமம் என்று மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள், இன்னும் வரவில்லை. புதுப் புடவை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பூஜை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மன் காலடியில், வெற்றிலைமேல் இருந்தது. டப்பி இல்லை. அந்த டப்பியைத் திறப்பது கஷ்டம், நகம் ஒன்று உடைந்துவிட்டது என்று விரலைக் காட்டினாள். யானை முதுகில் குங்குமம். காசின் கண்ணாடிப் பின்புலம் செத்துப்போயிருந்தது. எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு மினுக்கு, அவ்வளவுதான். ரொம்ப அழகா இருக்கும்மா என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

சந்துரு வந்தான். கை கால் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கும்பிட வந்தான். இவள் பக்கத்தில் போய் நின்றாள், அவன் முகத்தைப் பார்ப்பதற்காக. நானும் அதற்குத்தான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தேன். அவன் கும்பிட்டான், குனிந்தான், குனிந்தபடியே நின்றுவிட்டான். பிறகு காசை எடுத்தான். கட்டைவிரலை அதன் முகத்தின் மேலேயே வைத்து எடுத்தான் மேடம். சந்துரு அப்படி எடுத்தான் என்றால் அவனுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

என்ன பண்ணினே என்று மெல்லக் கேட்டான்.

“வெபூதி போட்டுத் தேச்சேன். நல்லா பளபளன்னு இல்ல? நீங்க ஆசப்பட்டீங்கன்னு கில்பர்ட்டண்ணா சொன்னாரு.”

சந்துரு என் பக்கம் திரும்பினான். இந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றால் முடிந்தது. அவன் என் சட்டையைப் பிடித்திருப்பான், சிநேகம் முறிந்திருக்கும், அவள் அழுதிருப்பாள், இன்றைக்கு அவள் ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். அதெல்லாம் எனக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்தது. வாயில் ஹோளிகே இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“நானாம்மா? நான் எப்பச் சொன்னேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. எனக்கு ஏதோ ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்தவள் போல, எடுத்துக்கொடுக்கிற மாதிரி, அண்ணா என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. திருடினதும் இல்லாம பொய் வேறயா என்று சந்துரு இரண்டு கையாலும் அவளைத் தள்ளினான். வாழ்க்கையில் முதல் தடவை. பூஜை மேடையின் கிரானைட் விளிம்பில் அவள் பின்மண்டை பட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை.

காசும் அவன் கையிலிருந்து தரையில் விழுந்து உருண்டு என் கால்பக்கம் வந்தது. கைக்குட்டையால் விளிம்பைப் பிடித்து எடுத்தேன். பழக்கதோஷம். சட்டைப்பையில் லென்ஸ் இருந்தது, அதுவும் பழக்கதோஷம்தான். பார்த்தேன். வட்டம் வட்டமாகக் கீறல், எழுத்துக்குள் எல்லாம் குங்குமம், விளிம்பில் ஒரு புது நசுங்கல். மனசு அப்படியே தூக்கிக்கொண்டு பறந்தது. கல்யாணம் ஆன அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். சந்துரு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தனம், தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கதவருகே தாம்பூலத்துக்கு வந்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. மாலை நான்தான் வாங்கினேன், நல்ல சம்பங்கி. உங்கள் ஆட்கள் கேட்டபோது, கேட்காமல் காசை எடுத்தாள், கேட்டதற்கு மாற்றிச் சொன்னாள், இவன் கோபத்தில் தள்ளிவிட்டான் என்று சொன்னேன். எல்லாம் கண்ணால் பார்த்ததுதான்.

அக்ரஹாரா ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான்.

“காசு போனா மயிரே போச்சு கில்பர்ட்டு. அவ போய் பொய் சொன்னா பாரு, உம்மேல பழிய போட்டா பாரு, அதான்டா தாங்கல. எங்கிட்ட அவ பொய்யே சொன்னதில்லடா.”

நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். பயத்தில் சொல்லியிருப்பாள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். வெளியே வந்து இளநீர் குடித்தேன். எனக்கு அவன்மேல் கொஞ்சமும் வருத்தம் இல்லை என்பது அப்போது தெரிந்தது, அதுவே பெரிய நிம்மதி.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். போன ஞாயிறு சங்கத்துக் கண்காட்சி. என் யானையைத் தனி மேடையில், விளக்குப் போட்டு வைத்திருந்தேன். இனி அதுதான் ஒன்றே ஒன்று. புது ஷூ போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் என்னைத் தாண்டி லாயிடைச் சுற்றி நின்றார்கள். அந்தக் காசு போலீஸ்கிட்டயா இருக்கு, குங்குமம் இன்னும் இருக்கா, கேஸ் முடிஞ்சா ஏலத்துக்கு வருமா என்று ஒரே கேள்வி. மும்பையிலிருந்து ஒருவர், ரத்தம் பட்டதா என்று விசாரித்திருக்கிறார். கெட்டுப்போன காசு. கீறல், நசுங்கல், குங்குமம். அதற்கு இப்போது ஒரு கதை இருக்கிறதாம், கதை இருந்தால் மதிப்பாம். என் மேடைக்கு வந்த ஒரே ஆள் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கடையில் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அட மடையா, கதை உன்னுடையது அல்லவா என்று தோன்றியது. அந்தக் காசுக்குக் கதை எங்கிருந்து வந்தது? என்னிடம் இருக்கும் இந்தக் காசினால் வந்தது. இது இல்லாவிட்டால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன், தனம் இருந்திருப்பாள், சந்துரு வெளியே இருந்திருப்பான். இதைச் சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் பாதிக் கதையைத்தானே பேசும். அப்போது பிடித்த சந்தோஷம்தான் மேடம், இன்னும் இறங்கவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆக, எழுதுங்கள். தனத்திடம் பொய் சொல்லிக் காசை எடுக்க வைத்தது நான். அவள் உண்மையைச் சொன்னபோது இல்லை என்றதும் நான். அவன் தள்ளுவான் என்று தெரியாது, ஆனால் ஏதாவது செய்வான் என்று தெரிந்துதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். தூக்கோ, ஆயுளோ, உங்கள் சட்டப்படி செய்யுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. இதோ, என் காசு. ஜெயிலுக்குப் போனால் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் யோசித்தேன். உங்கள் பாதுகாப்பில் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே வழக்கு எண் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரே ஒரு உதவி. தனம் பொய் சொல்லவில்லை என்று சந்துருவிடம் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கேட்டதும் உடைந்துபோவான், பாவம். அந்த நேரத்தில் இந்தக் காசை அவன் கண்ணில் காட்டுங்கள். அவனும் எங்கள் ஆள்தானே மேடம். இரண்டில் ஒன்றாவது நல்லபடியாக இருக்கிறதே என்று பார்த்தால், அவனுக்கு மனசு ஆறிவிடும்.